கண்ணுல பொறி பறந்தா...

ரெண்டு நாளா மழை வரப்போகுதுன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன். ராத்திரி லைட்டை அணைச்சுட்டுப் படுத்தா, இடது பக்க ஓரத்துல பளிச்னு ஒரு கோடு. "மின்னுது பாரு, மாடியில துணி காயுது"ன்னேன். தங்கமணி எட்டிப் பாத்துட்டு, "வானத்துல நட்சத்திரமா இருக்கு, பேசாம படுங்க"ன்னாங்க. மூணாவது நாள்தான் உறைச்சுது. மின்னல் வெளியில இல்ல, என் கண்ணுக்குள்ள.

உடனே டாக்டர்கிட்ட ஓடினேன்னு நினைக்காதீங்க. அம்மாவுக்கு போன் போட்டேன். "பித்தம்டா, சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளி." ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர், "ராப்பகலா கம்ப்யூட்டரையே பாத்தா இப்படித்தான்"னார். தெருமுனை கண்ணாடிக் கடையில, பவர் கொஞ்சம் ஏறியிருக்கு, புதுக் கண்ணாடி போட்டா சரியாயிடும்னாங்க. 2,400 ரூபாய். கட்டிட்டு வந்தேன்.

இதுல வெக்கக்கேடு என்னன்னா, இது என்னன்னு எனக்கு ஏற்கனவே தெரியும்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2004ல எங்க பெரியப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்துச்சு. பார்வை அருமையா இருந்தது. சில மாசம் கழிச்சு, "சாயங்காலமானா கண்ணுல மின்மினி பறக்குதுடா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். அப்புறம் அடுப்புக்கரி உதிர்ற மாதிரி கறுப்புப் புள்ளிகள். வலி இல்ல, சிவப்பு இல்ல. அறுப்பு முடியட்டும்னு இருந்துட்டார். அறுப்பு முடியறதுக்குள்ள ஒரு பக்கத்துலேர்ந்து திரை மூடின மாதிரி ஆயிடுச்சு. மூணு வாரம் கழிச்சுப் போனப்ப ரெட்டினா நட்டநடுவரைக்கும் கழண்டிருந்தது. ஆபரேஷன் பண்ணி ஒட்ட வெச்சாங்க. பார்வை வரல. முகத்துக்கு நேரா விரலை நீட்டினா எண்ணுவார், அவ்வளவுதான்.

சின்ன வயசுல வாத்தியார் பளார்னு ஒண்ணு விட்டா கண்ணுல பொறி பறக்குமே, ஞாபகம் இருக்கா? அதுவும் இதுவும் ஒரே சங்கதி. ரெட்டினாவுக்கு வலி தெரியாது. அடிச்சாலும் இழுத்தாலும் அதுக்குத் தெரிஞ்ச ஒரே பாஷை வெளிச்சம்தான். நம்ம கண்ணுக்குள்ள நுங்கு மாதிரி ஒரு கூழ் அடைச்சிருக்கு. வயசாக ஆக அது நீர்த்துச் சுருங்கி ரெட்டினாவை விட்டுப் பிரியும். அம்பது வயசுக்கு மேல இது சகஜம். மைனஸ் பவர் ஜாஸ்தி உள்ளவங்களுக்கும், கண்புரை ஆபரேஷன் ஆனவங்களுக்கும் சீக்கிரமே வரலாம். பிரியும்போது எங்கயாவது ஒட்டிக்கிட்டு இழுத்தா பளிச். பலருக்கு அதோட போயிடும். ஆனா இப்படித் திடீர்னு ஆரம்பிச்சு வர்றவங்கள்ல ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருத்தருக்கு ரெட்டினா கிழிஞ்சிருக்கும். அந்தக் கிழிசல் வழியா நீர் இறங்கினா, சுவத்துல ஈரம் ஏறி வால்பேப்பர் கழண்டு வர்ற கதைதான்.

பளிச் எல்லாமே இது இல்ல. என் கூட வேலை பாக்கிற ஒருத்தருக்கு மைக்ரேன். கோட்டை மதில் மாதிரி கோணல் மாணலா ஒரு மினுமினுப்பு சின்னதா ஆரம்பிச்சு, விரிஞ்சுக்கிட்டே போய், அரை மணியில காணாமப் போயிடும். ரெண்டு கண்ணுலயும் தெரியும், ஏன்னா அது நடக்கிறது பின்மண்டை மூளையில. கார்ல் லாஷ்லின்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் தனக்கு வந்ததையே தாள்ல வரைஞ்சு வெச்சு, அந்த அலை மூளையில நிமிஷத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நகருதுன்னு 1941ல கணக்குப் போட்டார் (தலைவலியோட என்னால மளிகைக் கணக்கே போட முடியாது). சட்டுனு எழுந்தா பூச்சி பறக்கிறது ரத்த அழுத்தம் இறங்கிறதால. கர்ப்பிணிகளுக்குத் தலைவலியோட மினுமினுத்தா அது அழுத்தம் ஏறினதுக்கான அடையாளமா இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி.

அதனால முதல்ல பாக்க வேண்டியது, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாத்து, ஒரு கண்ணுலயா ரெண்டுலயான்னு. ஒரு கண்ணுல மட்டும், புதுசா, இருட்டுல ஓரமா, கூடவே புள்ளிகளும்னா எண்ணெய்க் குளியலுக்கு நேரம் இல்ல.

"சும்மா பயமுறுத்தாதப்பா, ஏழுல ஆறு பேருக்கு ஒண்ணுமில்லையே"ன்னு கேக்கலாம். நியாயம்தான். ஆனா அந்த ஏழாவது ஆள் யாருன்னு கண்ணாடிக் கடை மிஷின் சொல்லாது. அது பவர் மட்டும்தான் பாக்கும். மருந்து விட்டு, பாப்பாவை விரிய வெச்சு, ஓரம் வரைக்கும் ஒருத்தர் பாத்தாகணும். 1920கள்ல சுவிட்சர்லாந்துல ஜூல்ஸ் கோனான்ங்கிற டாக்டர், கிழிசலைக் கண்டுபிடிச்சு சுட்டு அடைச்சா கண் தப்பும்னு காட்டினார். அதுக்கு முன்னாடி இது வந்தா கண் போச்சுன்னுதான் அர்த்தம். அப்புறம் ஜெர்மனியில மேயர்-ஷ்விக்கெராத், 1945 சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால பாத்து ரெட்டினாவைச் சுட்டுக்கிட்டவங்க நிலைமையைப் பாத்துட்டு, அதே வெளிச்சத்தாலயே கிழிசலை ஒட்டலாமேன்னு யோசிச்சார். இன்னிக்கு லேசர்ல கால் மணி நேர வேலை. எழும்பூர் கண் மருத்துவமனை 1819லேர்ந்து இருக்கு. மதுரையில அரவிந்த் 1976லேர்ந்து, சென்னையில சங்கர நேத்ராலயா 1978லேர்ந்து. வைத்தியத்துக்குப் பஞ்சமில்ல. சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல.

பெரியப்பாவுக்குக் கொடுத்த சீட்டை நான் பாத்திருக்கேன். தலைக்குக் குளிக்காதே, கண்ணைக் கசக்காதே, சொட்டு மருந்து நாலு வேளை. எல்லாம் இருந்துச்சு. மின்னல் தெரிஞ்சா அன்னிக்கே வான்னு ஒரு வரி இல்ல. மைனஸ் ஏழுக்கு இருவது வருஷமா கண்ணாடி வாங்கறேன், எனக்கும் யாரும் சொன்னதில்ல. டப்பாவுக்குள்ள துடைக்கத் துணி வெக்கிறாங்க, கடை விளம்பரம் வெக்கிறாங்க. அதுல இந்த ஒரு வரியை அச்சடிக்க எவ்வளவு ஆகிடும்?

நாலாவது நாள் சாயங்காலம் போனேன். மேல் ஓரத்துல குதிரை லாடம் மாதிரி கிழிசல். "இன்னும் நீர் இறங்கல, தப்பிச்சீங்க"ன்னு சொல்லி அன்னிக்கே லேசர். பாப்பா விரிஞ்சு எல்லாம் கூசினதால வண்டியை அங்கயே விட்டுட்டு ஆட்டோவுல வந்தேன். இப்பவும் இருட்டுல எப்பவாவது பளிச்சுங்குது. அது இருக்கும், கூடினா மட்டும் உடனே வரணும்னு சொல்லியிருக்காங்க.

2,400 ரூபாய் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுதான் இதை டைப் அடிக்கிறேன். அதோட டப்பாவுல நானே கைப்பட ஒரு சீட்டு எழுதி வெச்சிருக்கேன். தம்பி பொண்ணு டப்பாவுலயும் ஒண்ணு. அவளுக்கு வயசு 19, பவர் மைனஸ் எட்டு.