கிணற்றடியில் ஒரு வினா

பன்னிரண்டு ஆண்டுகள் விடையெழுதிப் பழகிய மாணவர், கல்லூரி முதலாண்டில் வினாவெழுப்பப் பழகுதல் வேண்டும். மீஞ்சூரில் அதற்கான பாடம் கிணற்றிலேயே உள்ளது. வேளாண்மைக்கும் நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால், கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்ப்பேறின. 2010இல் அருகிலுள்ள காட்டுப்பள்ளியில் நாள்தோறும் 10 கோடி லிட்டர் குடிநீர் தரவல்ல கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. அந்நீர் சென்னைக்கானது.

‘நீரின் இன்றியமையாமை’ என்னும் கட்டுரைக்கு இவை எவையும் வேண்டா, மனப்பாடம் போதும். இறைத்தவர் யார், இழந்தவர் யார், சான்று யாது என்று கேட்டு எழுதப் புகுந்தாலோ, ஒரு பக்கம் நிரம்புவதே அரிது. அவ்வரைப்பக்கத்திற்கு ஆசிரியர் மதிப்பெண் குறைத்தல் தகாது. பெருந்தொழில் திட்டங்கள் குறித்து மக்கள் எழுத்து வடிவில் கருத்தளிக்க, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இடமளிக்கிறது. அத்தகைய திட்டங்கள் வடசென்னைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் அறிக்கைகளைப் படித்து, பிழையிருப்பின் சான்றுடன் எழுத இம்மாணவரே வரவேண்டியிருக்கும்.