பாக்கெட் மேல 'குண்டு' எழுத்து: இலவச 'பலூ தம்பி' ஃபான்ட் சிறு வியாபாரிகளுக்கு ஏன் முக்கியம்?

கலசப்பாக்கம் பக்கம் ஜவ்வாது மலையில் விளையும் சாமை, தேன் எதுவானாலும், பாக்கெட் போட்டு விற்கணும்னா பெயர் தூரத்திலிருந்தே தெரியணும். முனை உருண்ட, தடித்த எழுத்துகளைப் பலர் தேர்வு செய்வது அதனால்தான்.

சிக்கல் எங்கே? ஃபான்ட்டும் மென்பொருள்தான், அதற்கும் உரிமம் உண்டு. டிடிபி சென்டர் கம்ப்யூட்டரில் கிடந்ததை எடுத்து லோகோ போட்டுவிட்டால், பிராண்டு வளர்ந்த பிறகு உரிமையாளர் இழப்பீடு கேட்கலாம். பாக்கெட், போர்டு எல்லாத்தையும் மாத்தணும்.

இதற்கு ஒரு வழி 'பலூ தம்பி'. மும்பையின் ஏக் டைப் உருவாக்கி, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு. மலையாளத்துக்கு 'சேட்டன்', பஞ்சாபிக்கு 'பாஜி' என உறவுமுறையில் பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ்! ஓபன் ஃபான்ட் லைசென்ஸ் என்பதால் வியாபாரத்துக்கும் காசு கட்ட வேண்டாம். ஃபான்ட்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. யூனிகோடு வேறு. பாமினியில் அடித்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுமே, அந்தத் தொல்லை இல்லை.

ஆனா எல்லா இடத்துக்கும் இது செட் ஆகாது. ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளில் சுழிகள் அதிகம். தடிமன் கூடினால் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் அடைபடும். சின்ன அளவில், மட்டமான பிரிண்டில் 'ன'வா 'ண'வா என்றே தெரியாது. பெயருக்கு மட்டும் எக்ஸ்ட்ரா போல்ட் போதும். எடை, காலாவதி தேதிக்கு மெல்லிய எழுத்தே நல்லது. 'பலூ தம்பி 2'-ல் 5 தடிமன்கள் இருக்கின்றன.