கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துக்கொள்கிறதா?



இந்த முறை ஒரு வாசகியின் கடிதத்துக்குப் பதில். அவர் வீட்டிலிருந்தபடியே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். வாடிக்கைக்காரர்களின் அளவுகள், வரவேண்டிய பாக்கி எல்லாம் கம்ப்யூட்டரில்தான். மகள் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்களும் அதிலேயே இருக்கின்றன.

"ஒரு மாசமா தினம் நாலைந்து தடவை பட்டென்று அணைந்து போகிறது. மத்தியானத்தில் ரொம்ப மோசம். கடைக்காரருக்குப் போன் பண்ணினால், பெட்டியைப் பார்க்காமலே 'போர்டு போயிருக்கும்மா, புதுசு வாங்கிடுங்க' என்கிறார். எங்க வீட்டுக்காரரோ, 'பழசைத் தூக்கிப் போடு' என்கிறார். படமெல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் பயத்தை விடுங்கள், அம்மா. குழந்தைக்கு ஜுரம் என்று தூக்கிக்கொண்டு போனால், டாக்டர் எடுத்த எடுப்பில் மருந்தா எழுதுகிறார்? எப்போதிலிருந்து, ராத்திரியிலா பகலிலா, என்ன சாப்பிட்டது என்றெல்லாம் கேட்கிறார். பதில் சொல்வது யார்? கூடவே இருக்கிற தாய்தானே! கம்ப்யூட்டரும் அப்படித்தான். அது எப்போது படுக்கிறது, எப்படிப் படுக்கிறது என்று உங்களைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

முதலில் படங்களைக் காப்பாற்றுங்கள்

பெட்டி ஓடுகிற நேரம் பார்த்து, படங்களையும் கணக்கையும் ஒரு பென் டிரைவிலோ வெளியே வைக்கிற ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி எடுத்துவிடுங்கள். முடிந்தால் இரண்டு இடத்தில். மற்றதெல்லாம் அப்புறம். போர்டு போனால் கடையில் வாங்கலாம்; குழந்தை முதன்முதலாக நடந்த படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

ஒரு ஆறுதலான சமாசாரமும் உண்டு. போர்டு போனாலும் படங்கள் போவதில்லை. அவை இருப்பது டிஸ்க்கில். டிஸ்க் நன்றாக இருந்தால், அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து எடுத்துவிடலாம். புது மாடல்களில் சிலவற்றில் டிஸ்க்குக்குத் தானாகவே பூட்டு விழுந்திருக்கும். திறக்க 48 இலக்க எண் ஒன்று வேண்டும். பெட்டி ஓடும்போதே அந்த எண்ணைத் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் டிஸ்க்கிலிருந்து "டக்... டக்..." என்று சத்தம் வந்தால் மட்டும், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் சேதம் அதிகமாகும். அணைத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு சின்ன நோட்டு. அணைந்த ஒவ்வொரு தடவையும் மணி என்ன, போட்டு எத்தனை நிமிஷம் ஆயிற்று, என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், வீட்டில் அப்போது மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் ஏதாவது ஓடியதா, சத்தமோ வாடையோ வந்ததா, திரையில் என்ன எழுதியிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரையில் எழுத்து வந்தால் செல்போனில் படம் பிடித்தால் போதும். விண்டோஸில் அந்தத் திரை பல வருஷங்கள் நீலமாக இருந்தது. 2025-லிருந்து விண்டோஸ் 11-ல் கறுப்பாக வருகிறது.

"இதெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது?" என்கிறீர்களா? அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்ற பெரிய கணக்கு இயந்திரம் 1947 செப்டம்பர் 9-ம் தேதி கோளாறு செய்தது. தேடிப் பார்த்தால், உள்ளே ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது! அவர்கள் அதை எடுத்து எறிந்துவிடவில்லை. மணி 3.45, இன்ன பலகை, இத்தனையாவது ரிலே என்று குறிப்பேட்டில் எழுதி, பூச்சியையும் அதிலேயே ஒட்டி வைத்தார்கள். அந்தக் குழுவிலிருந்த கணித மேதை கிரேஸ் ஹாப்பர் என்ற பெண்மணி, இந்தக் கதையைப் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லி மகிழ்ந்தார். கோளாறைப் 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் இன்ஜினீயர்களிடம் அதற்கு முன்பே உண்டு. நிஜப் பூச்சியே அகப்பட்டதுதான் வேடிக்கை. அந்தக் குறிப்பேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய இயந்திரத்துக்கே நோட்டு தேவைப்பட்டது, நம் வீட்டுப் பெட்டிக்கு வேண்டாமா?

நோட்டு என்ன சொல்கிறது?

போட்டவுடன் நன்றாக ஓடி, கால் மணி, அரை மணி கழித்து அணைகிறது. வெயில் நேரத்தில் அதிகம் என்றால், உஷ்ணம்தான் முதல் சந்தேகம். உள்ளே பிராசஸர் என்ற மூளையின் மேல் அலுமினியத் தகடுகளும் ஒரு சின்ன ஃபேனும் இருக்கும. அதில் தூசு அடைத்துக்கொண்டால் சூடு வெளியேறாது. கிட்டத்தட்ட 100 டிகிரியைத் தொட்டால், மூளை கருகாமலிருக்கக் கம்ப்யூட்டர் தானே அணைந்துகொள்ளும். பால் பொங்குமுன் நாம் அடுப்பை அணைப்பதில்லையா, அந்த மாதிரி.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைப் பால்கனிக்குக் கொண்டுபோய்ப் பக்கத்து மூடியைத் திறந்து, ஈரமில்லாத மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத் துணி கூடவே கூடாது. தூசு போன பின் பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காமல் அரை அடி தள்ளி வையுங்கள். அழகுக்காகத் துணி போட்டு மூடினால், ஓடும்போது எடுத்துவிடுங்கள். தகட்டுக்கும் பிராசஸருக்கும் நடுவே தடவியிருக்கிற பசை பல வருஷத்தில் காய்ந்துபோகும். அதைக் கடையில் மாற்றச் சொல்லலாம்.

கிரைண்டரோ தண்ணீர் மோட்டாரோ போட்டதும் அணைகிறது என்றால், கோளாறு மின்சாரத்தில் இருக்கலாம். கம்ப்யூட்டரை வேறு பாயிண்ட்டில் சொருகிப் பாருங்கள். பிளக் லொடலொடவென்று ஆடுகிறதா என்றும் பாருங்கள். பெட்டியைத் தொட்டால் சுரீரென்கிறதா? எர்த் சரியில்லை, அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை போடவேண்டாம். யு.பி.எஸ். இருந்தும் கரண்ட் போனதும் அணைகிறதென்றால், யு.பி.எஸ். பாட்டரிக்கு வயதாகியிருக்கும்.

எந்த எழுத்தும் வராமல், விளக்கணைத்த மாதிரி பட்டென்று போவதற்கு இன்னொரு காரணம் எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிற பெட்டி அது. பழசானால் தடுமாறும். அதை முழுசாக மாற்றுவதுதான் வழி. அதை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இந்த இரண்டும்தான் முக்கியம். முதலில் தூசு, அடுத்து எஸ்.எம்.பி.எஸ். இரண்டையும் பார்த்த பிறகுதான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

போட்டால் திரையில் ஒன்றுமே வராமல் "பீப் பீப்" என்று கத்துகிறது, அல்லது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எழுத்து வந்து நிற்கிறது என்றால், ராம் என்கிற நினைவுப் பட்டையைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் இரும்பை ஒரு தரம் தொட்டுவிட்டு, பட்டையைக் கழற்றுங்கள். தங்க நிற விளிம்பைச் சுத்தமான பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை நன்றாகத் தட்டிவிட்டு, 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு பட்டை இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். விண்டோஸில் 'மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடினால், அதுவே சோதித்துச் சொல்லும் வசதியும் உண்டு.

ஒரு ஃபோல்டரைத் திறக்கவே யுகமாகிறது, நடுநடுவே உறைந்து நிற்கிறது என்றால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். காப்பி எடுத்துவிட்டு, எஸ்.எஸ்.டி.யாக மாற்றினால் பழைய பெட்டியே சுறுசுறுப்பாகும்.

போடும்போதெல்லாம் தேதியும் மணியும் தப்பாகக் காட்டினால், போர்டிலுள்ள 3 வோல்ட் நாணய பாட்டரி தீர்ந்துவிட்டது. சி.ஆர். 2032 என்று கேட்டு வாங்குங்கள்; சொற்ப விலைதான்.

இங்கே இளம் தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. கழற்றிய பாட்டரியை மேஜையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கினால், இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். தீர்ந்துபோன பாட்டரிக்கும் அந்த சக்தி உண்டு. விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பழைய பாட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டிக் குழந்தைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றுதான்

சாம்பாரில் புளிப்புத் தூக்கல் என்று வெல்லம், உப்பு, தண்ணீர் மூன்றையும் ஒன்றாகக் கொட்டினால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியுமா? இங்கேயும் அதே நியாயம்தான். இன்றைக்குத் தூசு தட்டினால், இரண்டு நாள் பாருங்கள். நோட்டில் எழுதுங்கள். நின்றுவிட்டால் சரி. நிற்காவிட்டால் அடுத்ததற்குப் போங்கள்.

கடைக்குப் போகும்போது

நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள். "போர்டு போச்சு" என்றால், "எப்படித் தெரிஞ்சுது? வேற நல்ல எஸ்.எம்.பி.எஸ்., வேற ராம் போட்டுப் பார்த்தீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். "ஃபார்மட் பண்ணிடறேன்" என்று சொன்னால், டிஸ்க்கிலிருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று அர்த்தம். காப்பி கையிலிருந்தால் மட்டும் சம்மதியுங்கள்.

எட்டுப் பத்து வருஷப் பெட்டியில் நிஜமாகவே போர்டு போயிருந்தால், புதுசு வாங்குவதே லாபமாக இருக்கலாம். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்காதவர் சொன்னதற்காகவோ, பயந்துபோயோ வாங்கவேண்டாம். சோதித்துப் பார்த்து, கணக்குப் போட்டு வாங்குங்கள். வீட்டில் மற்றச் செலவெல்லாம் நீங்கள் அப்படித்தானே செய்கிறீர்கள்?

உங்கள் வீட்டுப் பெட்டி என்ன சேஷ்டை செய்கிறது என்று எழுதுங்கள். எழுதும்போது நோட்டில் குறித்ததையும் சேர்த்து எழுதினால், பதில் சொல்ல எனக்கும் சுலபமாக இருக்கும்.