கம்பத்துல தொங்குற இன்டர்நெட்

"ஃபைபரைப் புதைக்காம கரண்டு கம்பத்துல தொங்க விடுறாங்களே, கேவலம்"னு ஹாஸ்டல்ல ஒருத்தன் பொங்கினான். இல்லடா. பாரத்நெட்டுல தமிழ்நாட்டுக்குப் போட்ட திட்டமே 12,525 ஊராட்சி. 85 சதம் மின்கம்பம், 15 சதம்தான் தரைவழி. அத்தனையும் தோண்டினா செலவு எகிறும், பொக்லைன் வேற அறுத்துப் போடும். கண்ணாடி இழைல கரண்டும் பாயாது. கம்பம் தப்பில்ல.

என் கோவம் தொய்வு மேலதான். திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் வைக்கோல் லாரியும் போற ரோடுங்க இது! போன மாசம் எங்க ஊர் முக்குல ஒரு வைக்கோல் லாரி கேபிளை இழுத்துட்டுப் போயிடுச்சு. அந்தக் கம்பத்துல தொங்குறது நாலு கேபிள். எது யாரோடதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. நாலு நாள் நெட் இல்ல. ரெண்டாம் நாள்தான் தங்கச்சியோட ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசி நாள்.

கம்பத்துக்கு ஒரு தகடு அடிச்சு, கேபிள்காரர் பேரும் போன் நம்பரும் எழுத என்னய்யா கேடு?