எங்கே கையெழுத்துப் போடணும்?

வங்கி, கூட்டுறவு சங்கம், பத்திர ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் எங்கள் திருக்காட்டுப்பள்ளியில் காதில் விழுகிற கேள்வி ஒன்றுதான்: "எங்க சார் கையெழுத்துப் போடணும்?" பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் போட்டுவிட்டு, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். எதற்குப் போடுகிறோம் என்று கேட்பதில்லை. கைநாட்டு வைத்த தலைமுறையைக் குறை சொல்ல மனசு வராது. பிளஸ் டூ-வில் 600-க்கு 550 வாங்கிய பிள்ளையும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு அதே மாதிரி போட்டுவிட்டு வருகிறதே, அதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லாது. பிறந்தநாளுக்கு முதல் நாள் வரை கடன் பத்திரத்தில் மதிப்பில்லாத ஒரு கையெழுத்து, மறுநாளிலிருந்து சொத்தை ஜப்தி வரைக்கும் கொண்டுபோகிற கையெழுத்தாகிவிடுகிறது. இவ்வளவு பெரிய மாற்றம் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் நடக்கிறது. பன்னிரண்டு வருஷம் வகுப்பில் உட்கார வைத்த நாம் அதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவதில்லை.

எங்கள் தெருவில் பி.காம். முதல் வருஷம் படிக்கும் பையன் ஒருவன், போனில் ஒரு படத்தைக் காட்டினான். கடையில் விற்கிற அச்சடித்த புரோ நோட்டு. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் ஏறி நிற்கிறது அவன் கையெழுத்து. தொகை எழுதும் இடம் காலி. தேதியும் காலி. "மாமாதான் கேட்டாரு. ஒரு பேச்சுக்குத்தான்டா, அப்புறம் எழுதிக்கலாம்னு சொன்னாரு" என்றான். 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-ஆம் பிரிவை அவனுக்கு யாரும் சொன்னதில்லை. ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாக அந்தப் பிரிவு எடுத்துக்கொள்கிறது. கோர்ட்டில் அந்தக் கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், பணம் கைமாறியது என்றே முதலில் சட்டம் நம்பும். மாறவில்லை என்று காட்டுவது கையெழுத்துப் போட்டவன் பாடு. கேட்டவுடன் கொடுக்க வேண்டிய நோட்டுக்கு அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று வருஷம் ஆயுள். நடுவில் கொஞ்சம் பணம் கொடுத்து, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் மறுபடி மூன்று வருஷம் புதிதாக ஓட ஆரம்பிக்கும். தேதியே போடாத நோட்டின் ஆயுளை யார் தீர்மானிப்பார்கள்? அதை வைத்திருப்பவர்தான்.

ஜாமீன் கையெழுத்தும் இப்படித்தான். "சும்மா சாட்சி மாதிரிதான் தம்பி" என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். சாட்சி வேறு, ஜாமீன் வேறு. ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, கடன் வாங்கியவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் கேட்டு முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஊரில் எத்தனை அண்ணன் தம்பி உறவும் மாமன் மச்சான் உறவும் இந்த ஒரு கையெழுத்தில் முறிந்திருக்கின்றன!

வட்டிக் கணக்குக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்று ஒரு பாடம் இருக்கிறது. கூட்டுவட்டி எல்லாம் அதில்தான். சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் பிள்ளைகள் சொல்வார்கள். அதே பிள்ளையிடம், "அம்மா அம்பதாயிரம் மூணு வட்டிக்கு வாங்கியிருக்காங்க, வருஷத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். புத்தகத்தில் வட்டி வருஷத்துக்கு, தெருவில் வட்டி மாசத்துக்கு. மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாசம் மூன்று ரூபாய். 50,000-க்கு மாசம் 1,500. வருஷத்துக்கு 18,000. அதாவது 36 சதவீதம். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே தனிச் சட்டம் வந்தாயிற்று. தன் வீட்டில் கட்டுகிற வட்டி எத்தனை சதவீதம் என்றே போடத் தெரியாத பிள்ளை, அந்தச் சட்டம் தனக்காகத்தான் வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்ளும்?

வண்டிக் கடனில் நடப்பதும் கொடுமைதான். "பன்னண்டு பர்சன்ட்தான் சார், பிளாட்" என்பார்கள். 60,000 ரூபாய் கடன், இரண்டு வருஷம். வட்டி 14,400. மொத்தம் 74,400. மாசம் 3,100 தவணை. பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மாசா மாசம் அசலும் குறைந்துகொண்டே வருகிறதே! கடைசி மாசம் சில ஆயிரம்தான் அசல் பாக்கி. அப்போதும் வட்டி மட்டும் முழு 60,000-க்குப் போகிறது. குறைகிற அசலுக்குப் போட்டுப் பார்த்தால் அது 12 இல்லை, ஏறக்குறைய 22 சதவீதம். கல்விக் கடனிலும் தவணையைப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்டலாம் என்றால், வட்டியும் அப்போதுதான் ஆரம்பிக்கும் என்று முக்கால்வாசிப் பிள்ளைகள் நம்புகிறார்கள். பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அந்தக் கால வட்டியை மத்திய அரசே மானியமாகக் கட்டும் திட்டமும் உண்டு. அது தெரியாததால் விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் எத்தனை பேர்!

இப்போது புதிதாக ஒரு வலை. "உன் பேங்க் அக்கவுன்ட்டையும் ஏ.டி.எம். கார்டையும் கொஞ்ச நாள் கொடு, ஐயாயிரம் தர்றேன்" என்று கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்கிறார்கள். யாரையோ ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாகப் போய்விடும். போலீஸ் தேடி வருவது கணக்குக்காரனைத்தான். ஆள் சேர்த்தால் கமிஷன் என்று பையைத் தூக்கிக்கொண்டு வருகிற வியாபாரம் இன்னொன்று. பொருளை விட்டுவிட்டு ஆள் சேர்ப்பதையே பிழைப்பாக வைத்த பணச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978-லேயே தடைச் சட்டம் போட்டார்கள். நடத்துகிறவர் மட்டுமில்லை, ஆள் சேர்த்தவரும் அதில் குற்றவாளி. தன் சித்தியையும் பக்கத்து வீட்டு அக்காவையும் சேர்த்துவிட்ட பெண்ணுக்கு இது தெரிந்திருக்குமா?

தொழில் என்றால் பட்டணத்தில் கம்பெனி நடத்துவது என்று நினைக்கிறோம். சம்பா நடுகிற ஒவ்வொரு வீடும் ஒரு தொழில்தான் நடத்துகிறது. பதினோராம் வகுப்பில் வணிகவியல் குரூப் எடுத்த பிள்ளை, பார்த்தே இராத கடைக்காரருக்குப் பேரேடு எழுதுகிறது. தன் அப்பாவின் நாலு மா நிலத்துக்கு உழவுக்கூலி, நடவுக்கூலி, உரம், அறுப்பு மெஷின் வாடகை என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்ததில்லை. அப்பா, அம்மா இருவரின் உழைப்புக்கும் கூலி போட்டால் மிஞ்சுகிறதா, கையைக் கடிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. மற்ற குரூப் பிள்ளைகளுக்கோ இந்தப் பேரேடும் கிடையாது. பயிர்க் காப்பீட்டுக் கணக்கும் அப்படித்தான். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஆனால் இழப்பீடு பெரும்பாலும் அவரவர் வயலைப் பார்த்து வருவதில்லை. ஊர் அளவில் அறுவடைச் சோதனை வைத்து, அந்தச் சராசரி மகசூல் எவ்வளவு விழுந்தது என்று பார்த்துத்தான் வருகிறது. இது தெரியாமல்தான் வருஷா வருஷம் "என் வயலு முழுக்க முழுகிப்போச்சு, எனக்கு ஏன் வரல?" என்று ஆபீஸ் வாசலில் நிற்கிறோம்.

பெண் பிள்ளைகளை நினைத்தால் ஆற்றாமை கூடுகிறது. பாகம் பிரிக்கும்போது, "சீர்தான் செஞ்சாச்சேம்மா, அண்ணனுக்கு விட்டுக் கொடு" என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுவார்கள். விரும்பி விட்டுக்கொடுப்பது அவரவர் இஷ்டம். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டாமா? இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. அப்போது அது ஏற்கெனவே கல்யாணமான பெண்களுக்குக் கிடைக்கவில்லை. 2005-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடையும் போனது. பிறப்பாலேயே மகளுக்கு அந்த உரிமை உண்டு, அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சமூக அறிவியலில் பிரிட்டன் பார்லிமென்ட் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற பெண், தன் பெயர் பத்திரத்தில் ஏன் கேட்கப்படுகிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறது.

உடம்பு விஷயத்தில் அறியாமை உயிரையே கேட்கிறது. நீட்டுக்குப் படிக்கிற பிள்ளை, நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்லும். கட்டுவிரியன் விஷம் வேலை செய்வது சரியாக அந்த இடத்தில்தான். ராத்திரி தரையில் படுத்திருப்பவரை அது கடித்தால் வலி பெரிதாக இருக்காது, பல் பட்ட தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார்கள், இமை தானாக மூடும், பேச்சுக் குழறும். வீட்டில் சோடா வாங்கிக் கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள். இமை தொங்குகிறதே, இது பாம்பாக இருக்குமோ என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்ற வேண்டாமா? இறுக்கிக் கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே, காலை அசைக்க விடாதே, விஷமுறிவு மருந்து உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோ. ஐந்து வரிதான். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கி, ஆஸ்பத்திரிகள் கணக்குக் கொடுக்கச் சொன்னது. வயலும் வரப்புமாக வாழும் ஊர்ப் பள்ளியில் அந்த ஐந்து வரியைச் சொல்லித்தர ஆளில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் நீட்டுகிற சம்மதப் படிவத்துக்கும் அதே கதை. என்ன செய்யப் போகிறார்கள், வேறு வழி உண்டா, ஆபத்து என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. சமீரா கோலி என்ற பெண்ணைப் பரிசோதனைக்கு என்று மயக்கத்தில் வைத்திருந்தபோது, அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வயது வந்த நோயாளி சார்பில் அம்மா சொன்ன சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊரிலோ, "எதுக்கு டாக்டர்?" என்று கேட்பதையே மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம்.

எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. சட்ட விழிப்புணர்வு முகாம் நடக்கிறது, நிதிக் கல்வி வாரம் கொண்டாடுகிறார்கள். பேனர் கட்டுகிறார்கள், வெயிலில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைக்கிறார்கள், மைக்கில் நாலு பேர் பேசுகிறார்கள், போட்டோ எடுத்ததும் முடிந்துவிடுகிறது. ஒரு பிள்ளையின் கையிலாவது ஒரு புரோ நோட்டைக் கொடுத்து, "இதைப் படி, இதில் என்ன தப்பு சொல்லு" என்று கேட்டிருக்கிறார்களா? ஆசிரியர்களையும் நோக முடியாது. பாடம் முடிக்க வேண்டும், ரிசல்ட் காட்ட வேண்டும், இதற்கு நடுவில் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரங்களைப் பதிவேற்ற வேண்டும். மார்க் இல்லாத பாடத்துக்குப் பெற்றோராகிய நாமும் நேரம் கேட்பதில்லை.

இந்த ஊரில் சர் சிவசாமி ஐயர் பெயரில் பள்ளி இருக்கிறது. சென்னை சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், துணைவேந்தராகவும் இருந்தவர். அப்படிப்பட்டவர் இந்தக் காவிரிக் கரைப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை வைத்தார். அந்த அக்கறைக்கு நாம் செய்கிற மரியாதை, இங்கே படிக்கிற பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும் தன் உரிமையும் பொறுப்பும் தெரிந்து வெளியே வருவதுதான்.

கேட்பது அதிகமில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பீரியட், எல்லாக் குரூப்புக்கும். புதிய புத்தகம்கூட வேண்டாம். புரோ நோட்டு, வண்டிக் கடன் அட்டவணை, விடுதலைப் பத்திரம், ஆஸ்பத்திரிப் படிவம், பயிர்க் காப்பீட்டு ரசீது, இவற்றின் நகல் போதும். கூட்டுறவு சங்கச் செயலாளர், வி.ஏ.ஓ., வங்கி மேனேஜர், கிராம செவிலியர் எல்லாரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள், முறை வைத்துக் கூப்பிடலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு இது கடமையே. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு அடித்தால் வழி சொல்வார்கள் என்பதை அவர்களே வந்து சொல்லட்டும். இணையத்தில் பணம் போனால் உடனே 1930 என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். ஆண்டுத் தேர்வில் பத்து மார்க்குக்கு ஒரு கேள்வி வையுங்கள், மறுநாளே பெற்றோர் டியூஷன் தேடுவார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருந்தால், இந்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வந்துவிடும்.