5 சதவீத கேஷ்பேக் என்கிறார்கள்... கைக்கு வருவது எவ்வளவு?

'ஆன்லைன்ல எது வாங்கினாலும் 5 சதவீதம் கேஷ்பேக் சார்!' கிரெடிட் கார்டு விற்க போன் செய்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். கேட்பவர் மனசுக்குள் உடனே ஒரு கணக்கு ஓடும். மாசம் 30,000 ரூபாய் செலவு, அதில் 5 சதவீதம்னா 1,500. வருஷத்துக்கு 18,000 ரூபாய். சும்மா வர்ற காசை ஏன் விடணும் என்றுதான் தோன்றும்.

ஆனால், வருஷக் கடைசியில் ஸ்டேட்மென்ட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தால் அந்த 18,000 ரூபாய் அங்கே இருக்காது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாமே விதிமுறைகளில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், அவற்றைப் படித்து, கூட்டிக் கழித்து, உண்மையில் எவ்வளவு லாபம் என்று கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது? பார்க்கலாம்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

கேஷ்பேக் என்பது வங்கி தரும் இனாம் அல்ல. ஒரு கடையில் கார்டைத் தேய்க்கும்போது, கடைக்காரருக்கு முழுப் பணமும் போய்ச் சேராது. ஒரு சிறு சதவீதம் கட்டணமாகப் பிடிக்கப்படும். அது 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,000 ரூபாய் பொருளுக்குக் கடைக்காரர் கணக்கில் 980 ரூபாய்தான் சேரும். மீதி 20 ரூபாயை கார்டு கொடுத்த வங்கி, கடைக்காரரின் வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க் ஆகிய மூன்று தரப்பும் பிரித்துக்கொள்ளும். இதில் பெரிய பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு. அந்தப் பங்கிலிருந்து ஒரு பகுதிதான் கேஷ்பேக்காகத் திரும்பி வருகிறது.

ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐ மூலம் வங்கிக் கணக்கிலிருந்து செய்யும் பரிவர்த்தனைக்கும் 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் இந்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அரசு முடிவெடுத்தது. அவற்றில் கிரெடிட் கார்டு மாதிரி நிலையான கேஷ்பேக்கைப் பார்க்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு கேள்வி வரும். கடைக்காரரிடம் வாங்குவதே 2 சதவீதம் வாக்கில்தான் என்றால், 5 சதவீதம் எப்படித் தர முடியும்? எல்லாச் செலவுக்கும் தர முடியாது. அதனால்தான் உச்சவரம்பு, விலக்குப் பட்டியல், ஆண்டுக் கட்டணம் எல்லாம் வருகின்றன. இவை போதாதபோது கை கொடுப்பது, பில்லை முழுசாகக் கட்டாதவர்களிடம் வாங்கும் வட்டி.

கணக்கு போடுவது எப்படி?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கார்டின் விதிகள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆன்லைன் செலவுக்கு 5 சதவீதம், ஆனால் மாதத்துக்கு அதிகபட்சம் 500 ரூபாய். கடையில் நேரில் வாங்கினால் 1 சதவீதம். பெட்ரோல், கரண்ட் பில், இன்சூரன்ஸ், வாடகை, வாலெட்டில் பணம் போடுவது ஆகியவற்றுக்குக் கிடையாது. ஆண்டுக் கட்டணம் 1,000 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி.

மாதம் 30,000 ரூபாய் கார்டில் செலவழிக்கும் ஒரு குடும்பத்தின் கணக்கு இது:

ஆன்லைன் ஷாப்பிங் 12,000 ரூபாய். 5 சதவீதப்படி 600 வர வேண்டும். உச்சவரம்பு இருப்பதால் 500தான்.
மளிகைக் கடை 7,000 ரூபாய். 1 சதவீதப்படி 70.
பெட்ரோல் 4,000 ரூபாய். கேஷ்பேக் இல்லை.
கரண்ட் பில் 3,000 ரூபாய். இல்லை.
இன்சூரன்ஸ் பிரீமியம் 4,000 ரூபாய். இல்லை.

ஆக, மாதத்துக்கு 570 ரூபாய். வருஷத்துக்கு 6,840. இதிலிருந்து ஆண்டுக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்த 1,180 ரூபாயைக் கழித்தால் மிஞ்சுவது 5,660. வருஷம் முழுக்கச் செலவழித்தது 3,60,000 ரூபாய். 5,660-ஐ 3,60,000-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது சுமார் 1.57 சதவீதம்.

விளம்பரத்தில் 5. கையில் ஒன்றரை. இதுதான் அந்தக் கார்டு இந்தக் குடும்பத்துக்கு உண்மையில் தரும் கேஷ்பேக். அதே கார்டு இன்னொரு குடும்பத்துக்கு 3 சதவீதமும் தரலாம், அரை சதவீதமும் தரலாம். செலவு எங்கே போகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். 'எந்தக் கார்டு பெஸ்ட்?' என்று அடுத்தவரிடம் கேட்பதைவிட, கடந்த மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது மேல்.

கட்டணத்தை மீட்க எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்பதையும் இதேபோல் பார்க்கலாம். 1 சதவீதம் மட்டுமே தரும் செலவுகளில் 1,180 ரூபாயை எடுக்க, 1,18,000 ரூபாய் செலவழிக்க வேண்டும். 'வருஷம் இவ்வளவு செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி' என்று சொல்லும் கார்டுகளும் உண்டு. அந்த இலக்கில் பெட்ரோலும் வாடகையும் சேருமா என்பதை முன்னாடியே கேட்டுக்கொள்வது நல்லது.

கடையின் குறியீடு

வாங்கிய பொருள் எது என்பது வங்கிக்குத் தெரியாது. கடைக்கு ஒதுக்கப்பட்ட நான்கு இலக்கக் குறியீடுதான் தெரியும். சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411, பெட்ரோல் பங்க்குக்கு 5541, நகைக்கடைக்கு 5944 என்று தொழிலுக்குத் தொழில் எண் உண்டு. பெட்ரோல் பங்க்கின் மெஷினில் தேய்த்தால், வாங்கியது தண்ணீர் பாட்டிலாகவே இருந்தாலும் அது பெட்ரோல் கணக்கில்தான் போகும். 'மளிகைதானே வாங்கினேன், ஏன் கேஷ்பேக் வரலை?' என்று கேட்பவர்களில் பலருக்கு விடை இந்தக் குறியீட்டில் இருக்கிறது.

பெட்ரோலுக்கு 'சர்சார்ஜ் தள்ளுபடி' என்பதையும் லாபமாக எண்ண வேண்டாம். கார்டில் போட்டால் கூடுதலாக எடுக்கப்படும் 1 சதவீதத்தைத் திருப்பித் தருகிறார்கள், அவ்வளவுதான். ரொக்கம் கொடுத்திருந்தால் அந்த 1 சதவீதமே போயிருக்காது.

பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு வந்த கேஷ்பேக்கும் திரும்பிப் போகும். இஎம்ஐ-யாக மாற்றிய தொகைக்குப் பெரும்பாலும் கேஷ்பேக் கிடையாது.

பாயிண்ட்டை ரூபாயாக்கிப் பாருங்கள்

சில கார்டுகளில் ரூபாய்க்குப் பதில் பாயிண்ட் சேரும். '100 ரூபாய்க்கு 4 பாயிண்ட்' என்றால் 4 சதவீதம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பாயிண்ட்டின் மதிப்பு 25 பைசா என்றால், அது வெறும் 1 சதவீதம்தான். முழு 100 ரூபாய்க்குத்தான் பாயிண்ட் என்றால், 199 ரூபாய் பில்லுக்கும் 100 ரூபாய் பில்லுக்கும் ஒரே பாயிண்ட்தான்.

பாயிண்ட்டைப் பணமாக மாற்றவும் கட்டணம் இருக்கலாம். 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்றால் கிட்டத்தட்ட 117 ரூபாய். 500 ரூபாய் மதிப்புள்ள பாயிண்ட்டை மாற்றினால், அதில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக அங்கேயே போய்விடும். பாயிண்ட்டுக்குக் காலாவதி தேதி உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'ரொக்கமா கொடுத்தா குறைச்சுக்கலாம்'

கடைக்காரருக்கும் கணக்கு தெரியும். 'கார்டுன்னா 2 பர்சன்ட் சேர்த்துக் கொடுங்க' என்று கேட்கும் கடைகள் இருக்கின்றன. 10,000 ரூபாய் பொருளுக்கு 10,200 கொடுத்துவிட்டு 1 சதவீதம் கேஷ்பேக் வாங்கினால் வருவது 102. நிகரமாக 98 ரூபாய் நஷ்டம். ரொக்கத்துக்கோ யுபிஐ-க்கோ விலை குறைத்துத் தருகிறார் என்றால், அந்தக் கழிவையும் கேஷ்பேக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கார்டை எடுக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 50 ரூபாய் கேஷ்பேக்குக்காகத் தேவையில்லாத 1,000 ரூபாய் பொருளை வாங்கினால், மிச்சம் பிடித்தது 50 அல்ல, போனது 950.

எல்லாவற்றையும் விழுங்கும் வட்டி

மேலே சொன்ன கணக்கு எல்லாம் பில்லை முழுசாக, கடைசித் தேதிக்குள் கட்டுபவர்களுக்குத்தான். அதே குடும்பம் ஒரு மாதம் கை இறுக்கத்தில், 30,000 ரூபாய் பில்லுக்குக் குறைந்தபட்சத் தொகையான 5 சதவீதம், அதாவது 1,500 ரூபாய் மட்டும் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 28,500. இந்தியாவில் பல கார்டுகளின் வட்டி மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம் வரை இருக்கிறது. 3.5 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் ஒரு மாத வட்டி 997 ரூபாய் 50 பைசா. வட்டிக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அதையும் சேர்த்தால் சுமார் 1,177 ரூபாய்.

ஒரு மாத வட்டி, இரண்டு மாதக் கேஷ்பேக்கைத் தின்றுவிடுகிறது. இந்தப் பாக்கி ஐந்து மாதம் இழுத்தால், வட்டிக்கு வட்டி சேர்க்காமலே 5,885 ரூபாய். வருஷம் முழுக்கச் சேர்த்த 5,660 ரூபாய் காலி. இதுவும் குறைந்தபட்சக் கணக்குதான். முழுசாகக் கட்டாதபோது, பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது.

கேஷ்பேக்கின் மறுபக்கம் இதுதான். முழுசாகக் கட்டுபவர் வாங்கும் சலுகைக்கு, கட்ட முடியாமல் தவிப்பவரின் வட்டியும் ஒரு பங்கு கொடுக்கிறது. கட்டணத்தை விலையில் ஏற்றும் கடைகளில், கார்டே இல்லாமல் ரொக்கம் கொடுத்து வாங்குபவரும் தன்னை அறியாமல் பங்கு கொடுக்கிறார்.

வங்கிகள் செய்ய வேண்டியது

2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கிரெடிட் கார்டு நெறிமுறைகள் சில நல்ல விஷயங்களைக் கட்டாயமாக்கின. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கை பில்லில் இருக்க வேண்டும். கட்டணங்களை மாற்றினால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். பாக்கி எதுவும் இல்லாத வாடிக்கையாளர் கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும்.

இத்துடன் இன்னொன்றும் சேர வேண்டும். இந்த வருஷம் நீங்கள் செலவழித்தது இவ்வளவு, கேஷ்பேக் இவ்வளவு, கட்டணமும் வட்டியும் வரியும் இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று நான்கே வரியில் ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு வங்கியும் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். இந்த எண்கள் எல்லாம் வங்கியின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கின்றன. 5 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்ய முடிகிறவர்களுக்கு, 1.57 சதவீதம் என்று பில்லில் ஒரு வரி அச்சிடுவது பெரிய வேலை இல்லை.

அது வரும்வரை அந்த வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு பேப்பரும் பேனாவும், பன்னிரண்டு ஸ்டேட்மென்ட்டும் இருந்தால் போதும். மிச்சம் என்ற இடத்தில் வரும் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால், அந்தக் கார்டை மூடிவிடலாம். பில்லை முழுசாகக் கட்ட முடியாத மாதங்கள் அடிக்கடி வருகிறது என்றால், கணக்கே போட வேண்டாம். கேஷ்பேக்கை மறந்துவிட்டு, பாக்கியை அடைப்பதுதான் அந்த வீட்டுக்கு லாபம்.