“என்னைத் தூக்கிவிடு” என்னும் இனிப்பு



பலகாரம் என்றவுடன் அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் பாகின் பதமுமே நம் நினைவிற்கு வருகின்றன. பலகாரம் முடியும்வரை இல்லத்தலைவி அடுப்பருகே வெந்துகொண்டு நிற்பதும் வழக்கமாகிவிட்டது. இம்மாதம் நாம் காணவிருக்கும் இனிப்போ அடுப்பில் ஏறுவதில்லை, எண்ணெயில் பொரிவதில்லை, ஓவனில் வேகுவதுமில்லை. கையால் பிசைந்து, உருட்டி, குளிரில் இறுகவைத்துப் பரிமாறத்தக்கது. இத்தாலி நாட்டின் புகழ்பெற்ற டிராமிசு என்னும் காப்பி இனிப்பைச் சிறு உருண்டைகளாகச் செய்வதே அது. பிள்ளைகளும் தாயோடு அமர்ந்து உருட்டக்கூடிய அளவிற்கு எளிய வேலை. ஆயினும் எளிது என்பதற்காக அசட்டையாய் இருந்துவிடலாகாது. ஏன் என்பதை அறிய, இவ்வினிப்பின் பெயரையும் பிறப்பையும் முதற்கண் சற்று நோக்குவோம்.

டிராமிசு என்னும் இத்தாலியச் சொல்லுக்கு “என்னைத் தூக்கிவிடு” என்பது பொருள். சோர்ந்தவனுக்குத் தெம்பூட்டுவது என்னும் கருத்தில் எழுந்த பெயர் இது. வட இத்தாலியில், வெனிஸ் நகருக்கு வடக்கே திரெவீசோ என்னும் ஊர் உள்ளது. அங்கே ஆதோ காம்பெயோல் என்பவரும் அவருடைய மனைவி ஆல்பாவும் நடத்திவந்த லெ பெக்கெரியே என்னும் உணவகம் 1972-ஆம் ஆண்டில் இவ்வினிப்பைத் தன் உணவுப் பட்டியலில் சேர்த்தது. ஆல்பாவோடு சேர்ந்து இதனை உருவாக்கியவர் ரொபேர்த்தோ லிங்குவானோத்தோ என்னும் இனிப்புச் சமையற்கலைஞர் என்பர். அண்டை மாநிலமான ஃபிரியூலி வெனெசியா ஜூலியாவின் மக்கள் இதனை ஒப்புவதில்லை. தோல்மெத்சோ என்னும் மலையூரின் விடுதி ஒன்றில் 1950-களிலேயே இவ்வினிப்பு பரிமாறப்பட்டது என்பது அவர்கள் வாதம். 2017-ஆம் ஆண்டில் இத்தாலிய வேளாண் அமைச்சகம் டிராமிசுவை அம்மாநிலத்தின் மரபு உணவுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டபோது திரெவீசோ பக்கத்தார் வெகுவாக மனம் நொந்தனர். தாய் எவள் என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஆனால் பாட்டி யார் என்பதில் ஐயமில்லை. திரெவீசோ பகுதியின் இல்லங்களில் ‘ஸ்பாதுதீன்’ என்றொரு பழைய உணவு உண்டு. முட்டையின் மஞ்சட்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துச் செய்வது அது. பிள்ளை பெற்ற தாய்க்கும், நோயிலிருந்து எழுந்தவர்க்கும், மெலிந்த குழந்தைக்கும், தளர்ந்த முதியோர்க்கும் தெம்புக்காக அதனைக் கொடுப்பது வழக்கம். டிராமிசு இதன் வழிவந்ததே. எனவே இது செல்வர் விருந்திற்கெனப் பிறந்த பண்டமன்று; வீட்டில் வலுவற்றவர் ஒருவரை எண்ணி வேறொருவர் கிண்ணத்தில் அடித்துக் கொடுத்த உணவின் வாரிசு.

இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி உள்ளது. திரெவீசோவினரின் மூலச் செய்முறை 2010-ஆம் ஆண்டில் நொத்தாரிசு முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. அதில் 12 மஞ்சட்கருக்கள் வேகவைக்கப்படாமலே சேர்க்கப்படுகின்றன. முட்டை ஓடு விரிசலின்றித் தூய்மையாகத் தோன்றினும் உள்ளே சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதை இன்று நாம் அறிவோம். உடல் வலுவுள்ளவர் அதனால் சில நாள் வயிற்றுப்போக்கோடும் காய்ச்சலோடும் தப்பிவிடலாம். சிறு குழந்தைகள், கருவுற்ற மகளிர், முதியோர், நோயால் எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோர்க்கோ அது பெருந்தீங்காய் முடியலாம். எவரைத் தூக்கிவிடவென்று இவ்வுணவு தோன்றியதோ, அவரையே அது வீழ்த்திவிடக்கூடும்! ஆதலின் நாம் செய்யப்போகும் உருண்டையில் பச்சை முட்டை இல்லை. பிஸ்கட்டுத் தூளும் பாலேட்டுக் கட்டியும் தாமே சேர்ந்து பிடிப்புக் கொடுப்பதால் அது தேவையுமில்லை.

தேவையான பொருள்கள் (ஏறத்தாழ 25 உருண்டைகளுக்கு):

சவோயார்தி பிஸ்கட்டு – 200 கிராம்
மஸ்கார்போனே – 250 கிராம்
நன்கு பொடித்த சர்க்கரை – 50 கிராம்
கெட்டியான காப்பி டிகாக்‌ஷன் – 60 மில்லி லிட்டர்
இனிப்பில்லாத கோக்கோத்தூள் – 30 கிராம்
உப்பு – ஒரு சிட்டிகை

சவோயார்தி என்பது விரல்போல் நீண்ட, இலேசான, உலர்ந்த பிஸ்கட்டு. பெரிய கடைகளில் கிடைக்கின்றது. கிடையாதவிடத்து ஏலக்காயோ சோம்போ சேராத ரஸ்க்கைப் பயன்படுத்தலாம். டிகாக்‌ஷனைப் பொறுத்தவரை, இத்தாலியர் 1933 முதல் வழங்கிவரும் மோக்கா என்னும் சிறு கெண்டியில் இறக்குவர். நம் வீட்டு வடிகட்டியில் இறங்கும் முதல் டிகாக்‌ஷனே போதுமானது. சிக்கரி கலவாத தூளாயின் மணம் தெளிவாக இருக்கும்.

மஸ்கார்போனே என்பது இத்தாலியின் லொம்பார்தியா பகுதியில் தோன்றிய மென்மையான பாலேட்டுக் கட்டி. விலை மிகுதி எனக் கருதுவோர் முதல் நாளே வீட்டில் செய்துகொள்ளலாம். சுமார் 35 விழுக்காடு கொழுப்புள்ள, சர்க்கரை சேராத பாலேடு 500 மில்லி லிட்டர் எடுத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குக. கொதிக்க விடலாகாது. ஓரத்தில் சிறு குமிழிகள் எழுந்து நன்கு ஆவி பறக்கும் நிலையில், அதாவது 85 பாகைச் செல்சியசு அளவில், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் மெல்லக் கிளறுக. கரண்டியின் முதுகில் படியுமளவிற்குக் கெட்டிப்படும்போது இறக்கி ஆறவிடுக. கொதிநீரில் அலசிய மெல்லிய துணியை வடிதட்டில் விரித்து, அதில் ஊற்றி மூடி, குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுவதும் வடியவைத்தால் மறுநாள் வேண்டிய கட்டி ஆயத்தமாயிருக்கும்.

செய்முறை:

முதலாவதாக, டிகாக்‌ஷனை இறக்கி முற்றிலும் ஆறவைக்க வேண்டும். சூடாக ஊற்றினால் பாலேட்டின் கொழுப்பு உருகிக் கலவை நெகிழ்ந்துவிடும். பிறகு எவ்வளவு குளிரவைத்தாலும் முன்போல் திரளாது.

இரண்டாவதாக, பிஸ்கட்டை மிக்சியில் இட்டு ரவைபோல் பொடித்துக்கொள்க. கனமான உறையில் இட்டுச் சப்பாத்திக் கட்டையால் உருட்டியும் பொடிக்கலாம். இவ்வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டால் மகிழ்ச்சியோடு செய்வார்கள். பொடியில் இரண்டு கரண்டி அளவு தனியே எடுத்துவைப்பது நல்லது.

மூன்றாவதாக, அகன்ற கிண்ணத்தில் மஸ்கார்போனே, சர்க்கரை, உப்பு மூன்றையும் மரக்கரண்டியால் மெல்லக் கலந்திடுக. மிகுதியாக அடித்தால் தயிரில் வெண்ணெய் திரள்வதுபோல் கொழுப்பு பிரிந்து திரிதிரியாகிவிடும். கலந்து மென்மையானதும் நிறுத்திவிட வேண்டும்.

நான்காவதாக, பிஸ்கட்டுத் தூளை அதில் கொட்டி, டிகாக்‌ஷனைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைக. கையில் எடுத்து அழுத்தினால் உதிராமலும், விரல்களில் அப்பிக்கொள்ளாமலும் இருப்பதே பதம். உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி டிகாக்‌ஷன் கூட்டுக; தளர்ந்தால் எடுத்துவைத்த தூளைச் சேர்த்திடுக. பிறகு மூடி ஒரு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். இந்நேரத்தில் தூள் ஈரத்தை உறிஞ்சும், கொழுப்பு இறுகும். பொறுமையின்றி உடனே உருட்டினால் உருண்டை தட்டையாகிவிடும்.

ஐந்தாவதாக, முழு நெல்லிக்காய் அளவில் உருட்டி, தட்டில் பரப்பிய கோக்கோத்தூளில் புரட்டுக. மீண்டும் இரண்டு மணி நேரம் குளிரவைத்தல் நலம். பரிமாறுமுன் இன்னொரு முறை இலேசாகப் புரட்டினால் ஈரம் இழுத்த மேற்பரப்பு மறுபடியும் உலர்ந்து அழகுபெறும். மண்ணுக்குள் விளையும் ட்ரஃபில் என்னும் விலையுயர்ந்த பூஞ்சையை மண் படிந்தவாறே தோண்டி எடுப்பதுண்டு. அதன் தோற்றத்தை ஒத்திருப்பதால் இத்தகைய உருண்டைகளுக்கும் ட்ரஃபில் என்றே பெயர் வந்தது. கோக்கோவின் கசப்பு முதலில் நாவில் பட்டு, பின் உள்ளிருக்கும் இனிமையும் காப்பி மணமும் விரியும். ஆதலால் இனிப்பு கலந்த பானத் தூளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

இனி, இதன் காவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சற்றே எண்ணிப் பாருங்கள். பிஸ்கட்டு முன்னரே வெந்தது, பாலேடு காய்ச்சப்பட்டது, காப்பி கொதிநீரில் இறங்கியது, கோக்கோவோ வறுத்தரைக்கப்பட்டது. இவை யாவும் முன்பே தீயைக் கண்டவை. இறுதியாக இவற்றோடு சேர்வது நம் கை ஒன்றே. மற்றப் பலகாரங்களில் கையின் குறையைப் பின்வரும் தீ பெரிதும் நீக்கிவிடும். இதிலோ நம் கைக்குப் பிறகு தீ இல்லை. எனவே தீ செய்யவேண்டிய காவலை நம் தூய்மையும் குளிருமே செய்தாக வேண்டும்.

உருட்டுமுன் மோதிரம் வளையல்களைக் கழற்றிவைத்து, சோப்பிட்டு 20 நொடியேனும் கைகளை நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும். உதவும் பிள்ளைகளும் அவ்வாறே செய்யப் பழக்குங்கள். விரலில் வெட்டுக்காயம் உள்ளவரும், வயிற்றுப்போக்கால் அவதியுறுபவரும் அன்று உருட்டும் வேலையில் சேரவேண்டாம். மீனும் இறைச்சியும் அரிந்த பலகையை இதற்குப் பயன்படுத்தலாகாது. சுவை பார்த்த கரண்டியை மீண்டும் கிண்ணத்தில் இடுவதும் தவறு.

குளிர்பதனப் பெட்டி 4 அல்லது 5 பாகைச் செல்சியசு அளவில் இருத்தல் வேண்டும். உருண்டைகளை மூடிய பாத்திரத்தில் வைத்து இரண்டு நாளுக்குள் உண்டுவிடுங்கள். வெளியே எடுத்தபின் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. 32 பாகைக்கு மேற்பட்ட வெப்பமாயின் ஒரு மணி நேரமே எல்லை. நம் ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி பகல்வேளை இத்தகையதே. எனவே விருந்தில் எல்லாவற்றையும் ஒருங்கே அடுக்கிவைக்காமல், சிறு தட்டுகளாக எடுத்துவருவதே அறிவுடைமை. மின்சாரம் தடைப்பட்டால் பெட்டியைத் திறவாதிருங்கள். மூடியிருக்கும்வரை ஏறத்தாழ நான்கு மணி நேரம் உட்குளிர் நிலைக்கும். அதற்கு மேலும் மின்சாரம் வராவிடில், மனம் வருந்தினாலும் எஞ்சியதை எறிந்துவிடுவதே நன்று. கெட்டுப்போனதை மணத்தைக் கொண்டோ சுவையைக் கொண்டோ எப்போதும் கண்டுகொள்ள இயலாது.

விருந்தினருள் யார் யார் இருக்கின்றனர் என்பதையும் முன்னரே எண்ணுதல் வேண்டும். பல நூல்கள் இதில் ரம் அல்லது மார்சாலா என்னும் மதுவைச் சேர்க்கச் சொல்கின்றன. முன்னர்ச் சொன்ன பதிவுபெற்ற மூலச் செய்முறையில் மது அறவே இல்லை. எனவே அதனை விட்டுவிடுவதால் இவ்வினிப்பின் மரபு குறைந்துவிடாது. சிறு குழந்தைகளுக்கெனில் காப்பிக்கு மாற்றாகக் கோக்கோ கலந்து காய்ச்சி ஆறவைத்த பாலைத் தெளித்துத் தனியே சில உருண்டைகள் செய்யலாம். பிஸ்கட்டில் கோதுமையும் முட்டையும் உண்டு. ஆதலின் அவை ஒவ்வாதவர்க்கும் முட்டையை விலக்கியவர்க்கும் முன்கூட்டியே சொல்லிவிடுதல் கடமை. சர்க்கரை நோயுள்ள பெரியவர் அருகிலிருப்பின், இனிப்பைத் தட்டு நிறைய வைத்து அவரைச் சோதனைக்கு உட்படுத்தாமல், அவர்க்குரிய சிற்றுண்டி ஒன்றையும் உடன் வைப்பதே பண்பு.

அன்பார்ந்தோரே, ஒரு பண்டத்தைச் செய்துவிட்டு “எல்லாரும் விரும்பி உண்டார்கள்” என்று மகிழ்கிறோம். அது நியாயமே. ஆயினும் பந்தியில் அமர்ந்தவர்களுள் மிகவும் வலுவற்றவர் யாரோ, அவர் அச்சமின்றி உண்ணத்தக்கதாய் அது இருந்ததா என்பதே முதன்மையான கேள்வி. மடியிலிருக்கும் மழலையையும், கருவுற்ற மருமகளையும், பல் விழுந்த பாட்டியையும் மனத்தில் கொண்டு கை கழுவி, முட்டையை விலக்கி, குளிரைக் காத்துச் செய்யும்போதுதான் “என்னைத் தூக்கிவிடு” என்னும் பெயருக்கு இவ்வினிப்பு உரியதாகின்றது. வரும் விடுமுறை நாளில் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு செய்து பாருங்கள். உருட்டும் வேளையில் இப்பெயரின் பொருளையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.